சிம்பாங் காவல்

வீரன் குடிப்பதை நிறுத்திவிட்டான் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்துபோனதும் லயத்து வரிசை வீடுகளிலிருந்த பெண்கள் நாகமணியிடம் வந்து சந்தோஷப்பட்டார்கள். குழாயடியில் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதற்காக வரிசையில் நின்றபோது இன்னொருத்தி முதுகைத் தட்டினாள். எல்லாருக்கும் நல்ல மனசுதான். ஆனால் பேச்சை எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"மிஸ் சொல்லித்தான் விட்டாராம்ல!"

பக்கத்து வீட்டு நல்லம்மாள் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி சொன்னாள். "ஊருக் கண்ணெல்லாம் ஒம் புருசன் மேலதான். வெள்ளிக்கெழம சுத்திப் போடு, நாகு."

"ஊருக் கண்ணு என்னாக்கா செய்யப்போவுது? எங் கண்ணே போதும்" என்றாள் நாகமணி. நல்லம்மாளுக்கு அது விளங்கவில்லை. சிரித்துவிட்டுப் போனாள்.

அந்த மனுஷனுக்காக நாகமணி செய்து பார்க்காதது இல்லை. கல்யாணமாகி வந்த வருஷமே சம்சுச் சாராயப் போத்தலை வாய்க்காலில் கவிழ்த்து, அதற்கு உதை வாங்கினாள். மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்தாள். யாரோ கொடுத்த பொடியைச் சோற்றில் கலந்து போட்டாள். மகனைத் தூக்கிக்கொண்டு தஞ்சோங் காராங்கில் அண்ணன் வீட்டுக்குப் போய் நாற்று நட்டுக்கொண்டு கிடந்தாள். ஒன்றுக்கும் அவன் மசியவில்லை. இப்போது எங்கிருந்தோ வந்த ஒருத்தி, தைப்பிங் பக்கத்துக்காரியாம், முப்பது வயசிருக்குமாம், 'வாங்கண்ணே' என்று கூப்பிட்டாளாம். குடி போய்விட்டதாம்.

எண்பத்தாறாம் வருஷம் அது. தோட்டத்தின் பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துச் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு அது காய்ப்புக்கு வந்திருந்தது. புக்கிட் பெலிம்பிங் போகிற ரோட்டுக்கு அந்தப் பக்கம், தோட்டம் விற்ற நிலத்தில், தொழில் கல்லூரி ஒன்று எழும்பியிருந்தது. கரண்டு வேலை, வெல்டிங், மோட்டார் படிக்கப் பேராக்கிலிருந்தும் கெடாவிலிருந்தும் பையன்கள் வந்து விடுதியில் தங்கினார்கள். பெற்றவர்கள் கண்ணில் படாத பையன்கள். சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் செம்பனைக்குள் குறுக்கு வழி பிடித்துத் தோட்டத்துக்குள் இருந்த நடராஜாவின் மளிகைக் கடைக்கு வருவார்கள். சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்னச் சம்சு போத்தல் அங்கே அரிசி, பருப்போடு அடுக்கியிருக்கும். குடித்துவிட்டு லயத்துப் பையன்களோடு சண்டை. கோயில் விளக்கில் கல்லடி. தோட்டத்து ஆபீசில் போய்ச் சொன்னால் 'காலேஜில் கேளுங்க' என்றார்கள். காலேஜில் கேட்டால் 'கேட்டைத் தாண்டினால் எங்கள் பொறுப்பில்லை' என்றார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் விடுதிப் பையன் சேது குடித்துவிட்டு விழுந்தான்.

முந்தின நாள் நல்ல மழை. வீரன் நீளக் கழியில் மாட்டிய அரிவாளால் பழக்குலைகளை அறுத்துத் தள்ளிக்கொண்டு முன்னே போக, நாகமணி சாக்கோடு பின்னால் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டு வந்தாள். பாரிட் என்னும் வடிகால் ஓரத்தில் ஒரு சிலிப்பர் கிடந்தது. அதைப் பார்த்தது நாகமணிதான். கொஞ்சம் தள்ளி, இடுப்புக்குக் கீழே தண்ணீரிலும் மேலே சேற்றிலுமாக ஒரு பையன் கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. வீரன் தள்ளுவண்டியிலிருந்த குலைகளைக் கீழே சாய்த்துவிட்டுப் பையனைத் தூக்கிப் போட்டான். தலை தொங்காமல் நாகமணி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே டிஸ்பென்சரிவரை ஓடினாள். அவள் கைகள் பழமுள் கீறி ரத்தமாயிருந்தன. பையன் பிழைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து, பையன்கள் மிஸ் என்று கூப்பிடும் விடுதி வார்டன் கலாவதி, மஞ்சள் நிற டாட்சன் காரில் லயத்துக்கே வந்தாள். வீரன் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே நின்ற நாகமணியை எட்டிப் பார்த்து, "ரொம்ப நன்றிக்கா, தேத்தண்ணி நல்லாயிருக்கு" என்றாள். தலையைப் பிடித்தது யாரென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நாகமணியும் சொல்லவில்லை.

"வீரன் அண்ணே, பசங்க எங்கெங்க வாங்குறாங்க, எந்த வழியா வர்றாங்க, எங்க உட்கார்ந்து குடிக்கிறாங்க? எங்களுக்கு ஒன்னுமே தெரியலை. நீங்கதான் சொல்லணும்."

வீரனுக்குத் தெரியாதா? அவனும் அங்கேதான் குடித்துக்கொண்டிருந்தான்.

அப்படிக் காலேஜும் தோட்டமும் சேர்ந்து ஒரு கமிட்டி உண்டாயிற்று. கோயில் தலைவரும், ஆட்களை வேலை வாங்கும் மண்டோருமான நாராயணசாமி அதில் இருந்தார். ரோடு மூன்றாய்ப் பிரிகிற இடத்துக்குச் சிம்பாங் என்று பெயர். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஜெய்னுலாப்தீன் பாயும் சேர்ந்தார். சனிக்கிழமைச் சாயந்தரம் தன் கடையின் பின்கட்டைப் பையன்களுக்கு விட்டுத் தருவதாகவும், கேரம் பலகை இரண்டு போடுவதாகவும் அவர் சொன்னார். கல்லூரிப் பையன்களுக்குச் சம்சு கொடுப்பதில்லை என்று நடராஜா ஒத்துக்கொண்டார். சிம்பாங்கில் உட்கார்ந்து, குறுக்கு வழியில் இறங்குகிற பையன்களைப் பேச்சுக் கொடுத்து பாய் கடைக்குத் திருப்பிவிடுவது வீரன் வேலை.

முதல் கூட்டத்துக்கு அவன் குடித்துவிட்டுத்தான் போனான். நாராயணசாமி வெளியே அனுப்பச் சொன்னாராம். கலாவதி அவன் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து, "எந்த வழின்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்கண்ணே" என்று விட்ட இடத்திலிருந்து கேட்டாளாம். அடுத்த கூட்டத்துக்குக் குளித்து, விபூதி பூசி, குடிக்காமல் போனான். அதற்கப்புறம் குடிக்கவேயில்லை.

*

வேலைக்காட்டில் வீரனுடைய வாய் ஓயவில்லை.

"மிஸ் சொன்னாங்க, அந்தக் கெடாக்காரப் பையன் இந்த வாரம் ஊருக்குப் போன் போட்டு அம்மாகிட்டப் பேசுனானாம்."

"சரி."

"ஒரு பையன் என்னா சொல்றான் தெரியுமா? 'அங்கிள், நீங்க முறைச்சா டீ கூட எறங்க மாட்டேங்குது'ங்குறான்." வீரன் கழியைத் தரையில் ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

நாகமணி குனிந்தபடியே பழம் பொறுக்கினாள். தண்ணி போடாமல் அவன் சிரித்து அவள் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பு தன் பேச்சுக்கு வந்ததாயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததும் எரிச்சல் கூடியது.

"கொலைய வெட்டுங்க. வெயிலு ஏறுது."

"மிஸ் சொன்னாங்க..."

"மிஸ் வந்து ஒதிரிப் பழம் பொறுக்குவாங்களா? கேட்டுச் சொல்லுங்க."

வீரன் திரும்பிப் பார்த்தான். அவள் சாக்கை இழுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மத்தியானமே சட்டையைத் தேய்த்துத் தரச் சொல்வான். அவள் தேய்த்துக் கொடுப்பாள். காலர் மடிப்பில் மட்டும் வேண்டுமென்றே ஒரு சுருக்கத்தை விட்டுவிடுவாள். அவன் அதைக் கவனித்ததே இல்லை.

ஒரு சனிக்கிழமை அவளும் போய்ப் பார்த்தாள். சீனி வாங்குகிற சாக்கில் பாய் கடை முன்னால் நின்றாள். பின்கட்டு தெரிந்தது. கலாவதி ஒரு மூலையில் பையன்களுக்குப் பிளாஸ்டிக் கோப்பையில் பால்மாவுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். வியர்த்து, முடி கலைந்து, சாதாரணப் பெண்ணாகத்தான் இருந்தாள். வீரன் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. சந்தேகப்பட அங்கே ஒன்றுமில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் நாகமணிக்குத் தெரிந்துவிட்டது. அப்படி ஏதாவது இருந்திருந்தால் சுலபமாயிருந்திருக்கும். போய் முடியைப் பிடித்திருப்பாள்.

அவளைச் சுட்டது வேறு. கேரம் பலகையில் சிவப்புக் காயைப் போட்டுவிட்டுச் சேது துள்ளினான். பின்னால் நின்ற வீரன் அவன் தலையில் கையை வைத்து முடியைக் கலைத்துவிட்டான். அவ்வளவுதான். மகன் கார்த்திகேசு தலையில் அந்தக் கை அடிக்க மட்டுமே இறங்கியிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பாரம் மூன்று பரீட்சையை எழுதாமல் படிப்பை விட்டுவிட்டு, இனி இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று கிள்ளானுக்குப் போய், லோரியில் டிரைவருக்குக் கையாளாய் மூட்டை தூக்குகிறான். சேது வயதுதான் அவனுக்கும்.

"சீனி எவ்வளவு தங்கச்சி?" என்று பாய் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

"சீனி வேணாம் பாய்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

*

தீபாவளி கழிந்த மறுவாரம் கார்த்திகேசு லீவில் வந்தான். தோள் அகன்று, கறுத்து, மீசை வைத்து ஆளே மாறியிருந்தான். அம்மாவுக்கு ஒரு கைலி வாங்கி வந்திருந்தான். அப்பாவுக்கு ஒன்றுமில்லை.

வந்த அன்றைக்கே சேதுவும் வந்து சேர்ந்தான். சுங்கை சிப்புட்டிலிருந்து அவன் அம்மா அனுப்பிய முறுக்கு டின்னை நீட்டி, "அங்கிளுக்கு அம்மா குடுக்கச் சொன்னாங்க ஆன்ட்டி" என்றான். வீரன் அவனை உட்காரவைத்து, வெல்டிங் பரீட்சை எப்படி, கண் எரிச்சல் போயிற்றா என்றெல்லாம் கேட்டான். கார்த்திகேசு கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சேது போன பிறகு அடுப்படிக்கு வந்தான்.

"யாரும்மா அது?"

"காலேஜுப் பையன். பாரிட்டுல விழுந்து கெடந்தான். அப்பாதான் தூக்குனாரு."

"பரீட்சை எப்படி எழுதுனன்னு கேக்குறாரு."

நாகமணி அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள்.

"எனக்கு ஒரு பரீட்சை இருந்துச்சுல்லம்மா? அன்னிக்கு நீ வாயில ரத்தத்தோட உக்காந்திருந்த. நான் போவல. ஞாபகம் இருக்கா?"

"முறுக்கு திங்கிறியா?"

"அத அவருக்கே குடு" என்றான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து வரும் வழியில் நடராஜா கடைக்குப் போய் ஒரு சம்சு போத்தல் கேட்டாள். நடராஜா கேள்வி எதுவும் கேட்காமல் தாளில் சுற்றிக் கொடுத்தார். சந்தைச் சாமான் கொண்டுவரும் பாசார்காரனிடம் கிராங் சிப்பி வாங்கினாள். அலசி, சதையெடுத்து, காய்ந்த மிளகாயும் பூண்டும் இடித்துப் போட்டு எண்ணெயில் வதக்கினாள். குடிக்கிற காலத்தில் வீரனுக்கு அது இல்லாமல் இறங்காது. மகன் டவுனுக்குப் போயிருந்தான்.

வீரன் குளித்துவிட்டு வந்தபோது பலகை மேல் சிப்பித் தட்டு, பக்கத்தில் போத்தல், பக்கத்தில் கிளாஸ்.

"யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல. ஒங்களுக்குத்தான். குடிங்க."

அவன் தலை துவட்டுவதை நிறுத்தினான். "என்னா புள்ள இது?"

"நான் குடிக்காதீங்கன்னு சொன்னா குடிப்பீங்க. இப்பக் குடிங்கன்னு சொல்றேன். அதையாச்சும் கேளுங்களேன். ஒரு தடவ எம் பேச்சக் கேளுங்களேன்."

"ஒனக்குப் பைத்தியமா?"

"ஆமா. இருபது வருசமா பைத்தியம். பால்கொடம் எடுத்தேன், பல்லு ஒடைஞ்சேன். எம் மவனுக்கு அப்பன் இல்லாமப் போனான். அப்பெல்லாம் விடாதத எவ புள்ளைங்களுக்கோ விட்டீங்கள்ல? அப்ப ஒங்களால முடிஞ்சிருக்கு. எங்களுக்குத்தான் செய்யல."

வீரன் தரையில் உட்கார்ந்தான். போத்தலைப் பார்த்தான். அவன் தொண்டை ஏறி இறங்கியதை அவள் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் அவன் எடுத்துவிட வேண்டும் என்றும் எடுத்துவிடக் கூடாது என்றும் அவளுக்கு ஒரே சமயத்தில் இருந்தது.

"நாகு, பொய் சொல்லத் தெரியல எனக்கு. எதுக்கு விட்டேன்னு எனக்கே சரியாத் தெரியல. அந்தம்மா என்கிட்ட யோசனை கேட்டாங்க. எங்க அப்பன் கேட்டதில்ல, மண்டோரு கேட்டதில்ல. போடா வாடான்னுதான் கேட்டிருக்கேன். ஒரு கேள்வி கேட்டுட்டு, நான் என்னா சொல்றேன்னு காத்திருந்தாங்க. போதையில வாயி கொழறுச்சு. வெக்கமாப் போச்சு."

"நான் கேட்டதில்லையா?"

"நீ அழுத. திட்டுன. அது நான் பண்ணுன பாவம், ஒன்னயக் குத்தம் சொல்லல. ஆனா நீ கேட்டதில்ல."

சிப்பித் தட்டை இழுத்து இரண்டு எடுத்து வாயில் போட்டான். "நல்லாயிருக்கு" என்றான். போத்தலைத் தொடாமல் எழுந்து வெளியே போய்விட்டான். நாகமணி அதை அடுப்படியில் விறகுக்குப் பின்னால் தள்ளிவைத்தாள். கொட்டிவிட்டிருக்கலாம். 'நீ கேட்டதில்ல' என்ற பேச்சு காதிலேயே நின்றதில் அவளுக்குக் கை எழவில்லை.

*

சனிக்கிழமை சாயந்தரம் மழை விட்டு வெயில் மஞ்சளாக அடித்தது. நாகமணி விறகு எடுக்கப் போனபோது போத்தலைக் காணோம். கார்த்திகேசுவையும் காணோம். மாற்றுச் சேலைகூடக் கட்டாமல் சிம்பாங்குக்கு ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மகன் அங்கே இருந்தான். வீரன் ரோட்டோரம் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தான். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் குறுக்கு வழியில் இறங்கப் பார்த்தார்கள்.

"தம்பி, அந்தப் பக்கம் சேறு. இங்க வாங்க லா, இன்னிக்குப் பாய் ரொட்டி சானாய் போடுறாரு."

பையன்கள் தலையைச் சொறிந்துகொண்டு கடைக்குள் போனார்கள். ஓரமாய் நின்ற கார்த்திகேசு தள்ளாடி வந்து அப்பா எதிரே நின்றான். கையில் பாதி குடித்த போத்தல்.

"என்னய ஏன் கேக்கல?"

"கார்த்தி, வீட்டுக்குப் போ."

"எங்க போறன்னு கேளுங்கப்பா. அவனுங்களக் கேட்டீங்கள்ல? நானும் அந்தப் பக்கந்தான் போறேன். என்னயும் தடுங்க."

சத்தம் கேட்டுக் கடையிலிருந்தவர்கள் வெளியே வந்தார்கள். சேது ஓடி வந்து, "அண்ணே, உள்ள வாங்கண்ணே" என்று கையைப் பிடித்தான். கார்த்திகேசு உதறினான்.

"யாருக்குடா அண்ணன்? எங்கப்பனக் கேக்குறேன்."

தேத்தண்ணி கிளாஸோடு நின்ற நாராயணசாமி, "அவன விட்டுட்டு வேலையப் பாரு வீரா. அவன் காலேஜுப் பையனில்ல. நம்ம பேச்சு காலேஜுப் பசங்களுக்குத்தான்" என்றார்.

"கேட்டீங்களா? எனக்கு இல்லயாம்." கார்த்திகேசு சிரித்தான். சிரிப்பு அழுகையாய் உடைந்தது. "அது எனக்கு எப்பவுமே இல்ல."

கலாவதி கிட்டே வந்தாள். "தம்பி, இந்த போத்தல் உங்களுக்கு எங்க கிடைச்சது?"

"எங்கயும் வாங்கல மிஸ். எங்க வூட்டு அடுப்படியில இருந்துச்சு. கமிட்டிக்காரர் வூட்டுல."

எல்லாரும் வீரனைப் பார்த்தார்கள். வீரன் நாகமணியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கணந்தான்.

"என்னுதுதான்" என்றான் வீரன். "நாந்தான் வாங்கி வச்சேன்."

கலாவதி முகம் விழுந்துவிட்டது. "அண்ணே..." என்று மட்டும் சொன்னாள். நாராயணசாமி கிளாஸைக் கட்டையில் வைத்தார். "நான் மொதல்லயே சொன்னேன். குடிகாரன காவலுக்கு வைக்காதீங்கன்னு." ஜெய்னுலாப்தீன் பாய் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். பையன்களில் யாரோ வாய்க்குள் சிரித்தார்கள்.

வீரன் மகன் கையிலிருந்து போத்தலை வாங்கி ரோட்டில் கவிழ்த்தான். மகனின் கையைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டு செம்பனை வழியே நடந்தான். நாகமணி பின்னால் போனாள்.

*

ஞாயிறும் திங்களும் வீரன் வேலை நேரம் போக வீட்டிலேயே கிடந்தான். கமிட்டி பேச்சில்லை, மிஸ் பேச்சில்லை. வேலைக்காட்டில் வாயைத் திறக்காமல் குலை வெட்டினான். குடிக்கவும் இல்லை. நாகமணி ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆள் அவளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டான். சோறு போட்டால் சாப்பிட்டான், கூப்பிட்டால் திரும்பினான்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"விடு. என்னயத்தான் ஊருக்குத் தெரியுமே. கூட ஒரு போத்தல்னா என்னா வந்துறப்போவுது."

கார்த்திகேசு படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். "நீயாம்மா வாங்குன?" என்றான். நாகமணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் அன்றைக்குக் கூட்டம். "எங்கம்மா போற?" என்று மகன் கேட்டான். சொன்னாள். அவனும் சட்டையை மாட்டிக்கொண்டு கூட வந்தான்.

கூடத்தில் கல்லூரி முதல்வர், கலாவதி, நாராயணசாமி, பாய், நடராஜா, சேதுவும் சில மாணவர்களும் இருந்தார்கள். வீரனுக்குப் பதிலாக யாரைப் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நாகமணி வாசலில் நின்றாள். பாய்தான் முதலில் பார்த்தார்.

"உள்ள வாங்க தங்கச்சி. ஏன் அங்கயே நிக்கிறீங்க?"

"அந்த போத்தல் எங்க வூட்டுக்காரரு வாங்கல" என்றாள் நாகமணி. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். "நான் வாங்குனேன். இந்தா இருக்காரே நடராஜா, அவருகிட்டதான். எங்க வூட்டுக்காரரு அத வாயில வைக்கல. எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டாரு."

"ஏன்க்கா வாங்கினீங்க?" என்றாள் கலாவதி.

பொய் ஒன்று தயாராகத்தான் வைத்திருந்தாள். வாயில் வந்தது அதில்லை.

"பொறாம, மிஸ். ஒங்க மேல. நீங்க சொன்னதக் கேட்டாரு, நான் சொன்னதக் கேக்கல."

கலாவதிக்கு முகம் சிவந்துவிட்டது. "அக்கா, சத்தியமா... குடிக்காதீங்கன்னு நான் அவர்கிட்ட ஒரு தடவைகூடச் சொன்னதில்லை."

"அதுதான் மிஸ் இன்னும் எரியுது."

பாய் வாயைப் பொத்திக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

"எரிஞ்சா எரியட்டும், அது என்னோட. இன்னொன்னு கேக்கணும். காலேஜுப் பையனுக்குக் குடுக்க மாட்டேன்னு நடராஜா சொன்னாரு. சரி. எம் மவனுக்குக் குடுப்பாருல்ல? லயத்துல இவன் வயசுல எத்தன பசங்க இருக்கானுங்க? சேது பாரிட்டுல விழுந்தா கமிட்டி வருது. எங்க புள்ளைங்க விழுந்தா யாரு வருவா? மண்டோரு சொல்லிட்டாரு, இது எங்க புள்ளைங்களுக்கு இல்லன்னு. மிஸ்ஸு பேசாம நின்னீங்க."

"பேசாமத்தான் நின்னேன்" என்றாள் கலாவதி மெதுவாக. "தப்புதான்."

நாராயணசாமி தொண்டையைச் செருமினார். நடராஜா, "தோட்டத்துப் பசங்களுக்கும் இல்லன்னா நான் கடையச் சாத்திட்டுப் போவ வேண்டியதுதான்" என்றார்.

"சாத்துங்க" என்றாள் நாகமணி.

அன்றைக்கு நெடுநேரம் பேச்சு நடந்தது. கல்லூரி முதல்வர், வெளிப் பையன்களுக்குக் கல்லூரி எப்படிப் பொறுப்பேற்கும் என்று இழுத்தார். "எங் கடையில டீ குடிக்க காலேஜு சட்ட வேணும்னு நான் எப்பங்க சொன்னேன்?" என்றார் பாய். கடைசியில் இருபத்தோரு வயசுக்குக் கீழே யாருக்கும் சம்சு கொடுப்பதில்லை என்று நடராஜா தலையாட்டினார். அதை முழுசாக அவர் காப்பாற்றவில்லை. பழக்கப்பட்டவர்களுக்குப் பின்வாசலில் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் லயத்துப் பையன்கள் சிலர் சனிக்கிழமைகளில் கேரம் பலகைக்கு வர ஆரம்பித்தார்கள். முதல் வாரமே இரண்டு கூட்டத்துக்கும் கைகலப்பாகி ஒரு பலகை உடைந்தது.

"அங்கிள நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்று, அன்றைக்குக் கூட்டம் முடிந்தபோது சேது எழுந்தான்.

"வேணாம் தம்பி" என்றாள் நாகமணி. "அவர நான் கூப்பிட்டுக்கிறேன்."

வீடு திரும்பியபோது வீரன் குழாயடியில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான். விஷயம் அவர்களுக்கு முன்னாலேயே லயத்துக்கு வந்துவிட்டிருந்தது.

"ஏன் போய்ச் சொன்ன? அதான் நான் ஒத்துக்கிட்டேனே."

"ஒங்களக் கேவலமாப் பாக்கணும்னா நான் பாப்பேன். அவங்க யாரு பாக்குறதுக்கு?"

வீரன் தீட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். பிறகு சிரித்தான்; இந்தத் தடவை அது அவள் பேச்சுக்கு வந்த சிரிப்பு.

வியாழக்கிழமை காலையில் வீரன் பெரட்டுக்குப் போகாமல் மகனைப் பஸ் ஏற்றிவிடப் போனான். இரண்டு பேரும் ரோட்டோரம் நிற்பதைத் தூரத்திலிருந்து நாகமணி பார்த்தாள். பஸ் ஒன்று வந்து போயிற்று, அவன் ஏறவில்லை. அடுத்ததில்தான் ஏறினான். என்ன பேசினீர்கள் என்று சாயந்தரம் கேட்டாள். "சும்மா பேசுனோம்" என்றான் வீரன். அதில்கூட அவளுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அந்தச் சனிக்கிழமை அவளும் சிம்பாங்குக்குப் போய்ப் பாலத்துக் கட்டையில் வீரன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொழுது இறங்குகிற நேரம் கலாவதி இரண்டு கிளாஸ் தேத்தண்ணியோடு வந்தாள். கொடுத்துவிட்டு நின்றாள். வீரனுக்கு மறுபக்கம் கட்டையில் இடம் காலியாக இருந்தது. நாகமணி கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, புருஷனைச் சுற்றிக்கொண்டு போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். தனக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்த கட்டையைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"இங்க உக்காருங்க மிஸ்" என்றாள்.